பதினெட்டாம் கட்டை

மக்டலீன் அன்ரி பத்தொன்பது வருடமாக ரொறன்ரோவின் ஸ்காபரோவில் மஞ்சள் நிறப் பாடசாலை பஸ் ஓட்டுகிறார். பனி கொட்டுகிற காலையிலும் நாற்பத்தெட்டுப் பிள்ளைகளை ஏற்றி இறக்குகிறவர். வாகனத்தைப் பற்றி அவருக்கு யாரும் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை. ஆனால் இந்த வருடம் அவர் ஒரு பாலைவனத்தைக் கடப்பதற்கு வாகனம் தேடத் தொடங்கினார். அந்த விசயத்தில் தனக்கு ஒன்றும் தெரியாது என்று முதல் நாளே ஒத்துக்கொண்டார்.

அவருடைய கணவர் மாக்கஸ் அந்தப் பாலைவனத்தில்தான் கிடக்கிறார்.

வோபர்னில் எங்கள் கட்டிடத்தின் ஆறாம் மாடியில், எங்களுக்கு அடுத்த வீடு அன்ரியுடையது. ஐம்பத்தேழு வயது. மன்னார் தீவில் பேசாலையில் பிறந்தவர். இங்கே எழுதுவதில் பாதி அவர் சொல்லக் கேட்டது, மீதி பக்கத்தில் இருந்து பார்த்தது. நான் இல்லாத இடங்களை அவர் சொன்னபடியே வைத்திருக்கிறேன்.

மாக்கஸ் மீன்பிடிகாரர். 1997இல் மகள் செரீனா பிறந்து நாற்பதாம் நாள் அவர் ஊரை விட்டார். ஐரோப்பாவுக்கு என்று சொல்லி ஏஜென்சிக்காரர்கள் அவரை மேற்கு ஆபிரிக்காவுக்குக் கொண்டுபோனார்கள். அங்கே மூன்று மாதம் ஓர் அறையில் அடைந்து கிடந்த பிறகு, மொரித்தானியாவின் பாலைவனத்துக்குள்ளால் வடக்கே போகும் ஒரு லொறியில் ஏற்றினார்கள். ஆவணி மாதம் பேசாலைக்கு ஒரு கடிதம் வந்தது. எழுதியவர் சிவபாதம், யாழ்ப்பாணத்துக்காரர், மாக்கஸுடன் அதே லொறியில் போனவர். இரண்டு பக்கக் கடிதம். அதில் மாக்கஸைப் புதைத்த இடத்தைச் சொல்லும் வரி அன்ரிக்கு மனப்பாடமாகிப்போனது: ‘கிணற்றடியிலிருந்து பதினெட்டாம் கட்டையடியில், மணல்மேட்டின் கீழே மாக்கஸைத் தாட்டோம்.’

அந்தக் கடிதத்துக்கு அன்ரி பதில் போடவில்லை. 2001இல் அக்கா பேர்ணடெற்றின் ஸ்பொன்சரில் மகளுடன் கனடா வந்தார். இரண்டு வருடம் கழித்து சிவபாதமும் ரொறன்ரோவுக்கு வந்துவிட்டதாகக் கேள்விப்பட்டார். ஒரு கலியாண வீட்டிலும் ஒரு செத்த வீட்டிலும் இருவரும் எதிரெதிரே வந்திருக்கிறார்கள். இரண்டு முறையும் அன்ரி முகத்தைத் திருப்பிக்கொண்டு போனார். ஏன் என்று யாருக்கும் சொன்னதில்லை.

இந்த மாசி மாதம் பேர்ணடெற் இறந்தார். உறைந்த நிலத்தை இயந்திரத்தால் வெட்டித்தான் அடக்கம் செய்ய வேண்டியிருந்தது. எல்லாரும் காருக்குத் திரும்பிய பிறகும் அன்ரி குழியடியில் நின்றார். ஒவ்வொரு கார்த்திகையும் சகல ஆத்துமாக்கள் நாளில் மற்றவர்கள் சவக்காலைக்கு மெழுகுதிரி கொண்டுபோகும்போது, அவர் கோயிலில் ஒரு கடதாசியில் மாக்கஸின் பெயரை எழுதிக் கொடுத்துவிட்டு வீட்டுக்கு வந்துவிடுவார். இனி அக்காவுக்கும் ஒரு சவக்காலை இருக்கிறது.

அன்று பின்னேரம் செரீனாவிடம் சொன்னார். “நான் அப்பாவிட்டைப் போகப் போறன்.”

செரீனா பல் வைத்தியசாலை ஒன்றில் வேலை செய்கிறார். ஒரு கணம் பயந்துபோனார். தாய் சாவதைப் பற்றிப் பேசுகிறார் என்று நினைத்திருக்கிறார். பிறகு விளங்கியதும் கோபம் வந்தது.

“அம்மா, ஆர் யூ சீரியஸ்? அது பாலைவனம். உங்களுக்கு அல்கோன்குயின் பார்க்குக்குப் போகவே மூண்டு நாள் பயம்.”

“அங்கை கரடி. இங்கை மணல்தானே.”

“எனக்கு அப்பா இல்லை. நீங்களும் அங்கை போய்க் கிடக்கப் போறீங்களோ?”

செரீனா கேட்டதில் நியாயம் இருக்கிறது என்று அன்ரிக்குத் தெரியும். போகவேண்டும், திரும்பியும் வரவேண்டும். அதற்கு ஏற்ற வாகனம் எது என்பதுதான் அன்று தொடக்கம் அவருடைய கேள்வி.

அன்ரியின் பஸ்ஸில் ஷிவானி என்று ஒரு சின்னப் பிள்ளை வருவாள். அவளுடைய அப்பா கௌஷிக் திருச்சிக்காரர், ஒரு வங்கியில் கணினி வேலை. விடுமுறை வந்தால் கூரையில் கூடாரம் பூட்டிய வாகனத்தில் காட்டுக்கும் மலைக்கும் போய்விடுவார். நண்பர்களோடு நமீபியா பாலைவனத்தையும் ஓட்டிக் கடந்தவர். ஒரு காலை பிள்ளையை ஏற்றும்போது அன்ரி கதவடியில் கேட்டார்.

“தம்பி, மணலுக்குள்ள ஓட எந்த வாகனம் நல்லது?”

“எந்த மணல் ஆன்ட்டி? பீச்சா?”

“இல்லை. சகாரா.”

கௌஷிக் சிரித்தார். அன்ரி சிரிக்கவில்லை. பின்னால் கார்கள் நின்றன. “சனிக்கிழமை வர்றேன் ஆன்ட்டி,” என்றார் கௌஷிக்.

அந்தச் சனிக்கிழமை தொடங்கி ஏழெட்டுச் சனிக்கிழமைகள் அவர்கள் அன்ரியின் குசினி மேசையில் இருந்தார்கள். பெரிய புது வாகனம்தான் நல்லது என்று அன்ரி நினைத்திருந்தார். கௌஷிக் ஒவ்வொன்றாக அதை மாற்றினார். புது வாகனத்தில் எல்லாம் கணினி. நடுப் பாலைவனத்தில் ஒரு சென்சர் பழுதானால் திருத்த ஆள் இல்லை. எந்த வாகனத்துக்கு அந்த நாட்டுச் சந்தையில் உதிரிப்பாகம் கிடைக்குமோ அதுதான் அங்கே நல்ல வாகனம். மணலில் பாரம்தான் எதிரி. அதற்காகத் தண்ணீரையும் எரிபொருளையும் குறைக்க முடியாது, மற்றதைத்தான் குறைக்க வேண்டும். மணலுக்குள் இறங்கும்போது ரயர் காற்றைப் பாதிக்குக் குறைக்க வேண்டும்.

இந்தக் கடைசி விசயத்தை அன்ரியால் ஏற்கவே முடியவில்லை.

“காத்துக் குறைஞ்ச ரயரோடை பஸ்ஸை எடுத்தால் என்னை வேலையாலை நிப்பாட்டிப்போடுவாங்கள்.”

“இங்க ரோடு ஆன்ட்டி. அங்க டயர் ஒட்டகத்துக் கால் மாதிரி பரவணும். கூர்மையா இருந்தா புதைஞ்சுரும்.”

“ஒட்டகத்திலையே போகலாம் போல.”

“போலாம். ஆனா அதுக்கு லைசென்ஸ் வச்சிருக்கீங்களா?”

மொரித்தானியாவில் வாகனமும் வழிகாட்டியும் ஒழுங்குசெய்யும் ஒரு சிறிய நிறுவனத்துக்குக் கடிதம் எழுதினார்கள். வாகனங்களின் பட்டியலும் விபரமும் வந்தன. அங்குள்ள ஒருவர் முன்னால் ஓட்டி வழிகாட்டலாம் என்றும், விரும்பினால் அன்ரி இரண்டாவது வாகனத்தைத் தானே ஓட்டலாம் என்றும் எழுதியிருந்தார்கள். எவ்வளவு தூரம் என்று தெரிந்தால்தான் எந்த வாகனம், ஒன்றா இரண்டா என்று சொல்ல முடியும் என்றார்கள். கடைசியாக எரிபொருள் கிடைக்கும் ஊரிலிருந்து, சிவபாதத்தின் கடிதத்தில் பெயர் இருந்த கிணற்றுக்கு நூற்று நாற்பது கிலோமீற்றர். அது எல்லாரும் போகும் பாதை. கிணற்றுக்குப் பிறகு எவ்வளவு?

அன்ரி அறைக்குள் போய்க் கடிதத்தை எடுத்துவந்து அந்த வரியை வாசித்துக் காட்டினார்.

“கட்டைன்னா என்ன ஆன்ட்டி? மரக்கட்டையா? நட்டு வச்சிருப்பாங்களா?”

அன்ரி அன்றுதான் வாய்விட்டுச் சிரித்தார். “ஐயோ தம்பி, மைலைத்தான் நாங்கள் கட்டை எண்டுறது. ரெண்டாம் கட்டை, நாலாம் கட்டை எண்டு ஊருக்கே பேர் இருக்கு. பதினெட்டுக் கட்டை எண்டால் பதினெட்டு மைல். மன்னார் ரவுணிலையிருந்து தலைமன்னார் போற தூரம்.”

“அப்ப இருபத்தொன்பது கிலோமீட்டர். பிரச்சினையே இல்ல. ஒரு பிக்கப், ஒரு டாங்க் டீசல். காலைல போயிட்டு சாயங்காலம் கிணத்துக்கு வந்துரலாம்.”

அப்போது அன்ரியின் முகம் மாறியதைக் கௌஷிக் கவனித்திருக்கிறார். ஏன் என்று அவருக்கு விளங்கவில்லை. ‘காலையில் போய் மாலையில் வரலாம்’ என்ற கணக்கை அன்ரி இருபத்தெட்டு வருடமாகத் தனக்குள் போட்டுக்கொண்டுதான் இருந்தார். மாக்கஸ் காய்ச்சலில் கிடந்தார் என்று கடிதத்தில் இருந்தது. தண்ணீர் முடிந்துபோனது என்றும் இருந்தது. கிணறு பதினெட்டு மைலில் இருந்திருக்கிறது. லொறியைத் திருப்பியிருந்தால் ஒன்று, ஒன்றரை மணித்தியாலம். நடந்துபோய் ஒருவர் தண்ணீர் கொண்டுவந்திருந்தாலும் ஒரு நாள். கூடப்போனவர்கள் அதைச் செய்யவில்லை. செய்யாத ஒருவர் எழுதிய கடிதத்துக்குத்தான் அவர் பதில் போடவில்லை.

அடுத்த சனிக்கிழமை கௌஷிக் மடிக்கணினியோடு வந்தார். வழக்கமான பகிடி ஒன்றும் இல்லை.

“ஆன்ட்டி, ஒரு விஷயம் இடிக்குது. கிணத்துலேர்ந்து இருபத்தொன்பது கிலோமீட்டர்ல சாட்டிலைட் படத்துல பாத்தேன். வெறும் கல்லுத் தரை. கறுப்புக் கல்லு. மணல்மேடே இல்ல.”

“காத்துக்கு மணல் இடம் மாறுமெல்லோ.”

“மாறும். ஆனா சுத்து வட்டாரத்துல எங்கயுமே இல்ல. மணல்மேடு அறுபது கிலோமீட்டர் தாண்டித்தான் ஆரம்பிக்குது.” அவர் பழைய வரைபடம் ஒன்றைத் திறந்து காட்டினார். கிணற்றிலிருந்து வடக்கே ஒரு கோடு, கோட்டில் சின்னச் சின்னப் புள்ளிகள். “அந்தக் காலத்துல வழி தப்பாம இருக்க இரும்புக் கம்பம் நட்டு நம்பர் போட்டிருக்காங்க. பத்து கிலோமீட்டருக்கு ஒண்ணு. நான் கட்டைன்னா நட்டு வச்சதான்னு கேட்டேன்ல... தப்பா நெனச்சுக்காதீங்க. அவர் அந்தக் கம்பத்தைச் சொல்லியிருந்தா?”

அன்ரி படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“பதினெட்டாவது கம்பம். நூத்தி எண்பது கிலோமீட்டர். அது சரியா மணல்மேட்டுக்குள்ள வருது.”

நூற்றியெண்பது என்றால் எல்லாம் வேறு. எரிபொருள் ஊரிலிருந்து போய்வர அறுநூற்று நாற்பது கிலோமீற்றர், அதில் மூன்றிலொரு பங்குக்கு மேல் மணல். மணலில் டீசல் ஒன்றரை மடங்கு போகும். இரண்டு வாகனம் கட்டாயம் வேண்டும், ஒன்று புதைந்தால் மற்றது இழுக்க. ஒன்றை நினைத்துக்கொண்டு மற்றதற்குப் போனால் திரும்பி வரமுடியாது.

“எதுன்னு தெரியாம வண்டி எடுக்கக்கூடாது ஆன்ட்டி,” என்றார் கௌஷிக். “எழுதினவர்கிட்டயே கேட்டா என்ன? உயிரோட இருக்காரா?”

“இருக்கிறார். சென் ஜேம்ஸ் ரவுணிலை.”

“அட! அப்புறம் என்ன? சப்வேல போனா ஒரு மணி நேரம்.”

அந்த ஒரு மணித்தியாலத்தைப் போக அன்ரிக்கு மூன்று கிழமை எடுத்தது.

சிவபாதம் பத்தொன்பதாம் மாடியில் தனியாக இருந்தார். அறுபத்தெட்டு வயது. கதவைத் திறந்தவர் ஒருகணம் அசையாமல் நின்றார். பிறகு, “வாங்கோ,” என்று மட்டும் சொல்லி வழிவிட்டார். தேத்தண்ணி போட்டு வைத்தார். இருவரும் தொடவில்லை.

அன்ரி கதை சுற்றவில்லை. கடிதத்தை எடுத்து மேசையில் வைத்து அந்த வரியில் விரலை வைத்தார்.

“அண்ணை, இதிலை கட்டை எண்டு எழுதினது மைலையோ, கம்பத்தையோ?”

சிவபாதம் கண்ணாடியைப் போட்டுத் தன் கையெழுத்தைப் பார்த்தார். “கம்பத்தை. இரும்புக் கம்பம். வெள்ளைப் பெயின்ற்றாலை இலக்கம் போட்டிருந்தது. பதினெட்டு.” பிறகு நிமிர்ந்தார். “ஏன், மைலெண்டே நினைச்சனீங்கள்?”

“ஓம்.”

“இவ்வளவு காலமும்?”

“ஓம்.”

அவர் கண்ணாடியைக் கழற்றினார். மனதுக்குள் கணக்குப் போடுவது முகத்தில் தெரிந்தது என்று அன்ரி சொன்னார்.

“அப்ப நாங்கள் ஒரு மணித்தியாலத்திலை கிணத்தடிக்குத் திரும்பியிருக்கலாம் எண்டு நினைச்சிருப்பியள்.”

அன்ரி தலையை ஆட்டினார்.

“ரெண்டு நாள், தங்கச்சி. கிணத்தடியிலையிருந்து அந்தக் கம்பத்துக்கு வர ரெண்டு நாளும் ஒரு இரவும். முன்னுக்கு, அடுத்த கிணறும் அவ்வளவு தூரம். திருப்பச் சொல்லி றைவரின்ரை காலைப் பிடிச்சம். அவனுக்கு எங்கடை பாஷை தெரியாது. தெரிஞ்சிருந்தாலும் திருப்பியிருக்க மாட்டான்.”

பிறகு சிவபாதம் தானாகச் சொன்னார்.

“நீங்கள் பதில் போடாததுக்கு நான் வேறை காரணம் நினைச்சிருந்தன்.”

“என்ன?”

“நாங்கள் லொறி ஏறின ஊரிலை ரெண்டு வாகனம் நிண்டது. ஒண்டு சின்னப் பிக்கப், பழசு. மற்றது பெரிய லொறி. எதிலை போறதெண்டு எங்களைக் கேட்டவங்கள். மாக்கஸ் சின்னதிலை போவம் எண்டவன். வள்ளம் ஓட்டினவனெல்லோ, பாரம் குறைஞ்சது நல்லது எண்டான். நான்தான், இல்லை, லொறி பெரிசு, பத்துச் சில்லு, பிரளாது எண்டு மறிச்சனான். நான் மூத்தவன் எண்டபடியால் அவன் கேட்டான்.” அவர் கையை மடியில் வைத்துப் பிசைந்தார். “முப்பத்தாறு பேர். மணித்தியாலத்துக்கு ஒருக்கால் புதைஞ்சுது. இறங்கித் தோண்டவேணும். மாக்கஸுக்குத்தான் உடம்பிலை பலம், அவன்தான் கூடத் தோண்டினவன். வெயிலுக்குள்ள. ரெண்டாம் நாள் காய்ச்சல் வந்திட்டுது. நான் எடுத்த வாகனம், தங்கச்சி. ஏற முந்தி மாக்கஸ் எழுதி அனுப்பியிருப்பான், உங்களுக்கு அது தெரியும் எண்டுதான் நான் நினைச்சிருந்தன்.”

“எனக்குத் தெரியாது. இப்பதான் கேக்கிறன்.”

“அந்தப் பிக்கப் போய்ச் சேர்ந்ததோ இல்லையோ அதுவும் எனக்குத் தெரியாது. எத்தினையோ பேரைக் கேட்டுப் பாத்திட்டன்.”

அன்ரி ஆறுதலுக்காகப் பொய் சொல்கிறவர் அல்ல. ஒரு வருடம் முன்பு கேட்டிருந்தால் அவருக்கு இதற்குப் பதில் தெரிந்திருக்காது. இப்போது தெரிந்தது.

“லொறி பிழைதான் அண்ணை,” என்றார். “மணலுக்கு அது பிழையான வாகனம். அவ்வளவு பாரத்தோடை எதை எடுத்தாலும் பிழை.”

சிவபாதம் தலையைக் குனிந்தார்.

“ஆனா நானும் லொறியைத்தான் எடுத்திருப்பன். பெரிய வாகனம் ஓட்டுறவள் நான். இந்தப் பங்குனி வரைக்கும் நானும் பெரிசுதான் நல்லதெண்டு இருந்தனான். ஒரு இந்தியப் பெடியன் வந்து படம் கீறிக் காட்டித்தான் விளங்கினது. உங்களுக்கு அண்டைக்கு ஆர் படம் கீறிக் காட்டினது?”

சிவபாதம் முகத்தை மூடிக்கொண்டார். அன்ரி எழுந்துபோய், ஆறிப்போன தேத்தண்ணியை ஊற்றிவிட்டுப் புதிதாகப் போட்டார். யாருடைய குசினி என்று அந்த நேரம் யோசிக்கவில்லையாம்.

போகும்போது சிவபாதம் கேட்டார். “எப்ப போறியள்?”

“தை மாதம். குளிர் காலத்திலைதான் போகலாம்.”

“கம்பம் இப்ப நிக்குதோ தெரியாது. பக்கத்திலை ரெண்டு கறுப்புக் கல் மலை, ஒண்டு முறிஞ்ச பல்லு மாதிரி. கண்டால் எனக்குத் தெரியும்.” பிறகு வலது காலைத் தட்டினார். நாற்காலியில் இருந்த நேரம் முழுக்க அந்தக் கால் நேரே நீட்டியபடிதான் இருந்தது. “முழங்காலுக்கை இரும்பு வைச்சிருக்கு. மடங்காது. இல்லாட்டி நானும் வாறன் எண்டு கேட்டிருப்பன்.”

சப்வே நிலையத்துக்குப் போய்ச் சேருவதற்குள் அன்ரி கௌஷிக்குக்கு அழைப்பு எடுத்துவிட்டார்.

“தம்பி, நூத்தியெண்பது. கம்பம்தான்.”

“சொன்னேன்ல! அப்ப ரெண்டு வண்டி. பட்டியல்ல இருக்கிற சின்ன மாடல் ரெண்டும்—”

“இல்லை. வழிகாட்டியின்ரை சின்னது இருக்கட்டும். நான் ஓட்டுறது வேறை வேணும். முழங்கால் மடங்காத ஒராள் முன் சீற்றிலை இருக்கவேணும்.”

மறுமுனையில் கௌஷிக் கணக்குப் போட்டார். “ஆன்ட்டி, நீள மாடல்னா வெயிட் கூடும். அம்பது அறுபது கிலோ. ஆளோட சேத்தா நூத்தி முப்பது.”

“அப்ப நீர் கொண்டுபோகச் சொன்ன குளிர்ப்பெட்டியையும் மேசை கதிரையையும் விட்டிட்டுப் போறன்.”

“ஃப்ரிட்ஜ் இல்லாமயா?”

“தண்ணி சுடும். குடிக்கலாம்.”

செரீனா இன்னும் சம்மதிக்கவில்லை. அதை அன்ரி மறைப்பதில்லை. கனடா அரசின் பயண எச்சரிக்கையை அச்செடுத்து மகள் குளிர்சாதனப் பெட்டியில் ஒட்டிவைத்திருக்கிறார். அதற்குப் பக்கத்தில் அன்ரி, அவர்கள் போகும் பகுதிக்கு அனுமதி வேண்டி எழுதிய கடிதத்தை ஒட்டியிருக்கிறார். அனுமதி வராவிட்டால் பயணம் இல்லை என்று மகளுக்கு வாக்குக் கொடுத்திருக்கிறார். போன கிழமை அனுமதி வந்தது.

அந்த நிறுவனத்தின் பட்டியலில் இருந்த நீள மாடலைப் போலவே ஒரு பழைய வாகனம் கௌஷிக்கின் நண்பர் பிரவீணிடம் இருந்தது. நேற்று ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்த பிறகு, வோபர்னில் ஒரு பிளாசாவின் தரிப்பிடத்துக்கு அதைக் கொண்டுவந்தார்கள். சிவபாதத்தை அன்ரியே சப்வே வாசலில் போய் ஏற்றி வந்தார். செரீனாவும் வந்து, கைகளைக் கட்டிக்கொண்டு கொஞ்சம் தள்ளி நின்றார்.

முதல் தடவை சிவபாதத்தால் ஏற முடியவில்லை. ஆசனம் உயரம். இடது காலை வைத்தால் வலது கால் கதவில் இடித்தது. இரண்டாம் தடவை பின்பக்கமாகத் திரும்பி முதலில் ஆசனத்தில் இருக்கப் பார்த்தார், சறுக்கினார். பிரவீண் தூக்கிவிட வந்தார்.

“விடும் தம்பி,” என்றார் அன்ரி. “அங்கை நீர் இருக்க மாட்டீர். நான் மட்டும்தான்.”

ஆசனத்தைக் கடைசிவரை பின்னுக்குத் தள்ளினார். பிளாசாவின் மரக்கறிக் கடைக்கு வெளியே கிடந்த பால் பெட்டி ஒன்றைக் கொண்டுவந்து கவிழ்த்து வைத்தார். சிவபாதம் அதில் ஏறி, மேலே உள்ள பிடியைப் பிடித்தார். அன்ரி அவருடைய முழங்கையைப் பிடித்து, பஸ்ஸில் சின்னப் பிள்ளைகளை ஏற்றுவதுபோல, தள்ளாமல் தாங்கினார். மடங்காத கால் முதலில் உள்ளே போனது. பிறகு ஆள்.

செரீனா கிட்ட வந்து பெட்டியை எடுத்துப் பார்த்தார். “இது உடைஞ்சிடும். இரும்பிலை ஒண்டு செய்விக்கவேணும்,” என்றார், யாரையும் பார்க்காமல்.

“கதவு பூட்டுதோ, பாருங்கோ அண்ணை,” என்றார் அன்ரி.

சிவபாதம் கதவை இழுத்தார். காலில் முட்டாமல் பூட்டியது.

“பூட்டுது.”

“அப்ப இதுதான்,” என்றார் மக்டலீன் அன்ரி.